மொழியால் ஒன்றான மக்கள்
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அசாம் என்றவுடன் நம்மவர் பலர்க்கும் தேயிலையும் வெள்ளமுமே நினைவுக்கு வருகின்றன. அம்மண்ணின் மக்கள் யாவர், அவர்கள் எங்ஙனம் ஓரினமாயினர் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஓரினத்தை ஆக்குவது குருதியா, கோலா, மொழியா என்னும் வினாவிற்கு அவர்தம் வரலாறு தெளிவான விடை தருகின்றது. விரும்பி ஏற்ற மொழி அவர்களை ஒன்றாக்கிற்று. பிறர் திணித்த மொழி அவர்களைப் புண்படுத்திற்று. அவர்களே பிறர்மேல் தம் மொழியை ஏற்ற முற்பட்டபோது அவர்தம் நாடு பிளவுற்றது. இம்மூன்றையும் முறையே எடுத்துரைப்பேன்.

முதலாவது, ஏற்ற மொழி. கி.பி. 1228-இல் சுகாபா என்னும் தலைவன் தன் கூட்டத்தாரோடு பட்காய் மலையைக் கடந்து பிரமபுத்திரை ஆற்றுப் பள்ளத்தாக்கினுள் புகுந்தான். அவன் வழியினரே அகோமியர். தாய்லாந்து மக்களோடும் பர்மாவின் சான் மக்களோடும் உறவுடையவர். 1253-இல் சராய்தேவில் தலைநகர் அமைத்து, ஏறத்தாழ 600 ஆண்டுகள் அரசு செலுத்தினர். வென்றவன் தன் மொழியைத் தோற்றவன் நாவில் ஏற்றுவதே உலகில் பெரும்பான்மை வழக்கு. ஈங்கோ, வென்றவரே நாட்டார் மொழியாகிய அசாமியத்தை மெல்ல மெல்லத் தமதாக்கிக் கொண்டனர். 'புரஞ்சி' எனப்படும் வரலாற்றேடுகளைச் சாஞ்சி மரப்பட்டையில் முதலில் தம் மொழியிலும் பின்னர் அசாமியத்திலும் எழுதி வைத்தனர். அசாமிய உரைநடை அவ்வேடுகளில் வளம் பெற்றது. இதன்கண் ஒரு துயரமும் உண்டு. அகோமியர் தம் பழமொழி பேச்சு வழக்கிழந்து, பூசகர் போற்றும் ஏடுகளில் ஒடுங்கிற்று. ஒரு மொழி வளர்ந்த கதையினுள் மற்றொரு மொழி மறைந்த கதையும் கிடக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

அகோமியர் ஏற்ற மொழி வெறும் பேச்சு மொழியன்று. 14-ஆம் நூற்றாண்டிலேயே மாதவ கந்தலி என்னும் புலவர் இராமகாதையை அசாமியத்தில் பாடினார். நம் கம்பர்க்குப் பிற்பட்டவர். இந்தி நாட்டுத் துளசிதாசர்க்கு மிக முற்பட்டவர். அவரைப் பாடுவித்த மாமாணிக்கன் என்னும் வேந்தனும் மலையினக் குடியில் வந்தவனே. அடுத்துத் தோன்றியவர் சங்கரதேவர் (1449–1568). பாட்டாலும் கூத்தாலும் மக்கள் மொழியில் இறைநெறி பரப்பினார். அவர் வழியில் தோன்றிய நாம்கர் என்னும் வழிபாட்டு மன்றம் ஊர்ப் பொதுமன்றமாகவும் விளங்குகின்றது. இசுலாமியப் பெரியாராகிய ஆசான் பக்கீரும் 17-ஆம் நூற்றாண்டில் தம் இறைப்பாடல்களை அம்மொழியிலேயே அமைத்தார். 1671-இல் சராய்காட்டு ஆற்றுப்போரில் முகலாயப் பெரும்படையைத் தடுத்து நிறுத்திய இலாசித்து பர்புகன் அகோமியக் குடியினன். இன்று அவனை அசாமியர் அனைவரும் தம்முள் ஒருவனாகவே போற்றுகின்றனர்.

அவர்தம் விழாக்களும் அங்ஙனமே. பிகு விழா உழவர் விழா; ஆண்டிற்கு மூன்று முறை வருவது. நாம் பொங்கலிடும் அந்நாள்களிலேயே அவர்கள் அறுவடை முடித்து, தீ வளர்த்து, மாக பிகு கொண்டாடுகின்றனர். களஞ்சியம் குறைந்திருக்கும் ஐப்பசியில் வயலில் விளக்கேற்றிப் பயிரைக் காக்க வேண்டுகின்றனர். சித்திரையில் ஆடிப் பாடுகின்றனர். போடோ மக்கள் அவ்விளவேனில் விழாவைப் பைசாகு எனத் தம் முறையில் கொண்டாடுகின்றனர்.

இரண்டாவது, திணித்த மொழி. பர்மியர் படையெடுப்புகளால் நாடு பாழாயிற்று. 1826-இல் யாண்டபூ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலர் கைப்பட்டு, வங்க மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. 1836-இல் வழக்குமன்றத்திலும் பள்ளியிலும் வங்கமொழியே ஆட்சிமொழியாயிற்று. அசாமியம் வங்கத்தின் கொச்சை என்று அலுவலர் கூறினர். எண்ணிப் பாருங்கள்! தன் வழக்கைத் தன் மொழியில் உரைக்க இயலாத உழவன். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியுமாகத் திகைத்த சிறுவன்! இந்நிலை 37 ஆண்டுகள் நீடித்தது.

அதனை மாற்றியது எது? உழைப்பு. அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் மக்கள் பேச்சைச் செவிமடுத்து, 1846-இல் சிவசாகரில் 'அருணோதய்' என்னும் திங்களிதழைத் தொடங்கினர். நாதன் பிரௌன் இலக்கணம் வரைந்தார். மைல்சு பிரான்சன் 1867-இல் அகரமுதலி வெளியிட்டார். அம்மண்ணின் மைந்தராகிய ஆனந்தராம் தேக்கியால் புக்கன், அரசு அலுவலராய் இருந்துகொண்டே, அசாமியம் தனிமொழி என நிறுவும் ஆங்கில நூலொன்றை 1855-இல் தம் பெயர் குறியாது வெளியிட்டார். சிறுவர்க்குப் பாடநூலும் எழுதினார். 1859-இல், 30 அகவை நிரம்புமுன்னரே மறைந்தார். 1873-இல் அசாமியம் வழக்குமன்றமும் பள்ளியும் மீண்டபோது அதனைக் காண அவர் இல்லை. பின்னர் 1889-இல், வங்கத் தலைநகராம் கல்கத்தாவில் பயின்ற அசாமிய மாணவர் 'சோனாகி' என்னும் இதழைத் தொடங்கி மறுமலர்ச்சிக்கு வித்திட்டனர். அவருள் ஒருவரான இலக்குமிநாத பெசுபரூவா வங்கத்துத் தாகூர் குடும்பத்தில் பெண் கொண்டவர். எனினும் தம் மொழியின் தனிமையை விட்டுக்கொடாதவர். 1917-இல் அசாம் இலக்கியப் பேரவை தோன்றிற்று.

மூன்றாவது, நெஞ்சை உறுத்துவது. 1960-இல் அசாம் சட்டமன்றம் அசாமியத்தை மாநில ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. காசி, காரோ மலைமக்கள் தம் நிலை என்னாகுமோ என அஞ்சினர். பராக்குப் பள்ளத்தாக்கின் வங்க மக்கள் எதிர்த்து எழுந்தனர். 1961 மே 19 அன்று சில்ச்சர் தொடர்வண்டி நிலையத்தில் காவல்துறை சுட்டதில் 11 பேர் மாண்டனர். அதன் பின்னரே அம்மாவட்டத்தில் வங்கமொழிக்கு இடந்தரச் சட்டம் திருத்தப்பட்டது. மலைமக்கள் விலகினர். 1972-இல் மேகாலயம் தனி மாநிலமாயிற்று. அதற்கு அம்மொழிச் சட்டம் ஒரு பெருங் கரணியம். தம் மொழி பறிபோன நோவினை 37 ஆண்டுகள் பட்டறிந்த மக்களே, அடுத்த வீட்டானுக்கும் அந்நோவு உண்டென்பதை ஒருபோது மறந்தனர்!

குடியேற்றத்தால் தம் மண்ணில் தாமே சிறுபான்மையர் ஆவோமோ என்னும் அச்சத்தால் 1979 முதல் 1985 வரை பெருங்கிளர்ச்சி நடந்தது. அவ்வச்சம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும் 1983-இல் நெல்லியில் ஏறத்தாழ 2,000 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அவர்கள் கீழை வங்க வழிவந்த இசுலாமியர். அவ்வகுப்பினர் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அசாமியமே தம் தாய்மொழியெனப் பதிந்தவர். அகோமியனை அணைத்த மொழி, அவர்களை அணைக்கத் தவறிற்று. எந்த அச்சமும் அக்கொலைக்கு அமைதி கூறாது.

2003-இல் போடோ மொழி அரசியல் சட்டத்தின் எட்டாம் பட்டியலில் இடம் பெற்றது. 2024-இல் அசாமியம் செம்மொழியென அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே சராய்தேவின் அகோமிய அரசர் புதைமேடுகள் உலக மரபுச் சின்னங்களாயின. இவை மகிழத்தக்கன.

அன்பர்களே! மொழிப்பற்று, தன் மொழிக்கு இலக்கணமும் அகரமுதலியும் இதழும் பாடநூலும் ஆக்கும்போது உரமாகின்றது. பிறன் வாயை அடைக்கும்போது நஞ்சாகின்றது. தேக்கியால் புக்கன் பேரரசை எதிர்த்து எடுத்தது எழுதுகோல் ஒன்றே. நம் இளைஞர் அவ்வெழுதுகோலைக் கைக்கொள்க. அதனொடு, நம்மிடை வாழும் சிறுமொழியாளன் தன் மொழியில் பேசவும் பயிலவும் உள்ள உரிமையையும் நம் உரிமை போலவே காக்க.