ஒரு கவிக்கு இரு குரல்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனையைக் கடந்து, திருகோணமலையை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவழியில் மாங்கேணி என்னும் ஊர் உளது. அதன் அயலிலே காயங்கேணி, பனிச்சங்கேணி என்னும் ஊர்களும் உள. மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் கூடி ஊர்ப்பெயராகிய இப்பகுதியை உள்ளிட்ட மட்டக்களப்பு முழுவதையும் 'மீன் பாடும் தேன் நாடு' என்பர். நிலாக்காலத்தில் ஓடமேறி, வாவியின் நீரிடை எழும் ஒலிக்குச் செவிகொடுப்போர் பலர். மீன் பாட்டுக்குக் கிட்டிய புகழில் ஒரு பங்காவது மனிதர் பாட்டுக்கும் கிட்டியிருக்கலாம்.

மட்டக்களப்பார் பேச்சிலே 'கவி' என்பது பாடும் புலவரையன்று, நாலடியில் அமைந்த நாட்டுப்பாட்டையே குறிக்கும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றி வந்த இக்கவிக்கு மத்தளமும் வேண்டா, சுருதிப்பெட்டியும் வேண்டா. வேண்டுவன இரண்டு குரல்கள். ஒருவர் தொடுக்க, மற்றவர் விடுக்க, இருவருமாக இயற்றிச் செல்வதே கவி.

வேளாண்மைக் காவலுக்குச் செல்பவன் யானையும் பன்றியும் வயலில் இறங்காதபடி இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்து குரல் கொடுக்க வேண்டும். வெறுங்குரலாக எழுவது நாழிகை செல்லச் செல்லக் கவியாகிவிடும். அயல் வட்டையின் பரணிலிருந்து மறுமொழி வரும். மச்சானாக ஒருவன் பாட, மச்சியாக மற்றவன் விடை கூறுதலும் உண்டு. நடுகையிலும் அரிவுவெட்டிலும் பெண்களே தம் கூற்றைத் தாம் பாடினர்.

பல கவிகளில் முன்னிரண்டடி கண்ணெதிரே உள்ளதொரு பொருளைக் காட்டும். பின்னிரண்டடி நெஞ்சிலுள்ளதைச் சொல்லும். எதிர்ப்பாடுபவர் அதே ஓசையில், இயலுமாயின் அதே பொருளையே திருப்பிப் பிடித்து விடையிறுக்க வேண்டும். முன்னவர் ஈற்றுச் சீரை நீட்டி இழுக்கும் அச்சிறு பொழுதே பின்னவர்க்குக் கிடைக்கும் அவகாசம். மலாய் மக்களின் 'பந்துன்' என்னும் நாலடிப் பாட்டும் இவ்வாறே முன்பாதியில் உவமையும் பின்பாதியில் கருத்துமாக அமைந்து, எதிரெதிர் பாடப்படுவது. அதனை 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

மச்சான், மச்சி என்பன இங்கே வெறும் செல்லப் பெயர்களல்ல. மணம் செய்யும் உரிமையைக் குறிக்கும் முறைப்பெயர்கள். மட்டக்களப்பு வழக்கில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணையே சேரும். மணந்தவன் அவள் மனைக்குச் சென்று வாழ்வான். ஆதலால் கவியில் ஆடவன் இரந்து நிற்பதும், பெண் நகைத்து மறுப்பதும், பின்பு இரங்குவதும் கற்பனை அலங்காரங்கள் மட்டுமல்ல. படலையைத் திறப்பதும் அடைப்பதும் அவள் கையில் இருந்தன. அவள் விடை இன்னதென்று தெரியாமல் முதற்குரல் காத்திருந்தது.

பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் இந்நாட்டு வாய்மொழிச் செல்வத்தைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தன. அஃது அரிய தொண்டு. எனினும் அச்சிலே கவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வினாவுக்கும் விடைக்கும் இடையே இருள்வெளியில் நிலவிய மௌனத்தை எந்த எழுத்தும் காட்டாது.

அந்த மௌனம் பின்பு வேறு காரணங்களால் நீண்டது. அரிவுவெட்டுக்கு இயந்திரம் வந்தது. அதன் இரைச்சலில் பாட்டு எழ இடமில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரினால் வாகரைப் பகுதி மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். முகாம்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் குரல்கள் பிரிந்தன. தனித்துப் பாடவல்ல புலவன் எங்கிருந்தாலும் பாடிக்கொள்வான். கவி பாடுபவனோ, எதிர்ப்பாடும் துணை இன்றேல் பாதியில் நிற்பான்.

இன்று ஒலிப்பதிவுக் கருவியோடு வருவோர் முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்து, நாற்காலியில் இருத்தி, "பாடுங்கள்" என்று கேட்பதே எங்கும் வழக்கம். அவரும் நினைவிலுள்ள நான்கைந்து கவிகளைப் பாடி ஓய்ந்துவிடுவார். அவரோடு இளமையில் எதிர்ப்பாடியவர் அயலூரிலே இருப்பாரா என்று முதலில் விசாரித்து, அவரையும் அழைத்து வந்து, இருவரையும் சற்றுத் தொலைவாக எதிரெதிரே அமர்த்தி, கருவியை இயக்கிவிட்டு வந்தவர்கள் ஒதுங்கியிருத்தல் வேண்டும். முதற்கவி நினைவிலிருந்து வரும். மூன்றாவதோ நான்காவதோ அங்கேயே பிறக்கக்கூடும்.