நிறுவனம் தந்த பெட்டியும் நாம் வாங்கும் பெட்டியும்



தலைநகரில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் நான் வசிக்கிறேன். என் தாயார் மயிலாடுதுறையில் இருக்கிறார். அவருக்கு வயது 78. செவி மங்கிச் சில ஆண்டுகள் ஆயின. காதில் விழுவதைக் காட்டிலும் என் உதட்டசைவைக் கண்டே அவர் என் பேச்சை அறிகிறார். ஆகையால், ஞாயிறு மாலைகளில் நாங்கள் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது படம் உறைந்து நின்றுவிட்டால், அவருக்கு நான் ஊமையாகிவிடுகிறேன். "என்னடா, வாயைத் திறந்தபடி நிற்கிறாய்?" என்பார். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது எனக்கும் தெரியாது. தமிழகத்துக்கு வெளியே வாழும் உங்களில் பலருக்கும் இத்தகைய ஞாயிறு மாலைகள் உண்டு என்று நினைக்கிறேன்.

இதற்குப் பரிகாரம் தேடப் புகுந்தபோதுதான், இணைய நிறுவனம் நம் வீட்டில் மாட்டிவிட்டுப் போன அந்தச் சிறு பெட்டியை வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. ரூட்டர் என்பதைத் தமிழில் திசைவி என்று ஆக்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் அச்சொல் எனக்கு உவப்பானதே. ஆயினும் வீட்டில் நாங்கள் அதைப் பெட்டி என்றே சொல்கிறோம். எதிர் வீட்டு இந்திக்காரர் டப்பா என்கிறார். சிலர் மோடம் என்பதும் உண்டு. பழைய தொலைபேசிக் கம்பியில் அலையை ஏற்றி இறக்கிய கருவிக்குப் பொருந்திய பெயர் அது. கண்ணாடி இழை வந்த வீட்டில் அப்பெயர் பழக்கத்தினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

பெயர் எதுவாயினும், அப்பெட்டி ஒன்றல்ல என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்குள் நாலு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவன், கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுகிறான். மற்றொருவன், வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே முகவரியை வீட்டிலுள்ள கைப்பேசி, கணிப்பொறி, தொலைக்காட்சி அனைத்துக்கும் பங்கிட்டு, எது யாருக்கு என்று பிரித்து அனுப்புகிறான். மூன்றாமவன் வைஃபை அலையைப் பரப்புகிறான். நாலாமவன், வீட்டுத் தொலைபேசி இருந்தால் அதைக் கவனிக்கிறான். நமக்குக் கோபம் வருவது பெரும்பாலும் மூன்றாமவன்மீது; ஆனால் நாம் வெளியேற்ற நினைப்பதோ நால்வரையும்.

அப்படி நால்வரையும் வெளியேற்றிவிட முடியாது. பல வீடுகளில் உள்ள ஒளியிழை அமைப்பில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் பொதுவாகிறது. வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், போகும் ஒளி 1310 நானோமீட்டரிலும் ஒரே இழைக்குள் எதிரெதிராகச் செல்கின்றன. இரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. புலப்படவில்லையே என்று இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். இத்தனை வீடுகளுக்குள் எது எவருடைய பெட்டி என்று நிலையம் அறிவது, பெட்டியின் வரிசை எண்ணைக் கொண்டு. அந்த எண் அங்கே பதிவாகியிருந்தால்தான் கதவு திறக்கும். கடையில் வாங்கிய வேறொரு பெட்டியில் இழையைச் செருகினால் ஒன்றும் நிகழாது. நிறுவனம் இசைந்து பதிந்துகொண்டாலன்றி அது வெறும் பொம்மை.

எனக்கு இது முதலில் தெரியாது. இணைப்பு மந்தமாக இருக்கிறதென்று புகார் செய்தேன். வந்த இளைஞர் தமது கைப்பேசியைப் பெட்டியருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "100 மெகாபிட் போதாது ஐயா, 200-க்கு மாறிவிடுங்கள்" என்றார். நேரு பிளேஸ் கடைவீதியில் விசாரித்தேன். ஆறு கொம்புகள் முளைத்த ஒரு கருவியைக் காட்டி, இதை வாங்கினால் கவலை தீரும் என்றார்கள். இருவரும் விற்பவர்கள். இருவரும் நோயாளியின் நாடியைப் பார்க்கவில்லை.

நாடி பார்க்கும் முறை எளியது. எதிர் வீட்டுக் கல்லூரி மாணவனிடம் கம்பி செருகும் துளையுள்ள கணிப்பொறி இருந்தது. அதைக் கொணர்ந்து, ஒரு கம்பியால் பெட்டியோடு நேரே பிணைத்து, வேகத்தை அளந்தோம். 94 மெகாபிட் வந்தது. நிறுவனம் வாக்களித்தபடி தருகிறது. குறை வெளியே இல்லை. பின்பு என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, நான் வழக்கமாக அம்மாவோடு பேசும் பின்னறைக்குப் போய் அளந்தேன். ஒரு சமயம் 6, மறு சமயம் 2, இடையில் ஒன்றுமே இல்லை. முகம் பார்த்துப் பேசுவதற்குச் சில மெகாபிட்டே போதும். ஆனால் அது இடையறாது வர வேண்டும். எனவே 200-க்கு மாறியிருந்தால், பெட்டிவரை இருநூறு வந்து, பின்னறையில் அதே இரண்டாகத்தான் நின்றிருக்கும். இச்சோதனை செய்யாமல் ஒருவர் பணம் செலவிடலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கம்பியிலும் வேகம் குறைவாயிருந்தால் புதுப் பெட்டி வாங்கிப் பயனில்லை. அப்போது நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று கவனிக்க: 300 மெகாபிட்டுக்குச் சந்தா கட்டும் வீட்டில் கம்பியிலும் 94-ஐத் தாண்டாவிட்டால், பெட்டியின் துளையோ கணிப்பொறியின் துளையோ பழைய நூறு மெகாபிட் வகையாக இருக்கலாம், அல்லது கம்பிக்குள் உள்ள நாலு இணைகளில் ஒன்று அறுந்திருக்கலாம். நூறுக்கு இரண்டு இணை போதும், ஆயிரத்துக்கு நாலும் வேண்டும். ஒரு துண்டுக் கம்பியை மாற்றினாலே தீரக்கூடிய நோய் இது.

இனி, பின்னறைக்கு அலை ஏன் வரவில்லை? எங்கள் பெட்டி வாசற்கதவுக்கு அருகே, முழங்கால் உயரத்தில், இரும்பு பீரோவின் மறைவில் இருந்தது. இழை அந்த வழியாக நுழைந்தது. மாட்ட வந்தவருக்கு அங்கே மாட்டுவது சுலபம். நம் வீடுகளின் செங்கற்சுவரும், கம்பி பாய்ச்சிய கான்கிரீட்டும் அலையைக் குடிப்பவை. வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என மூன்றே. என் பின்னறையில் நின்று எண்ணியபோது அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் 23 தெரிந்தன. அத்தனையும் அந்த மூன்று பாதைகளில் முண்டியடிக்கின்றன. நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசைக்காரர்தாம்; என் மனைவி பால் சுடவைக்கும் வேளையில் அம்மாவின் படம் நடுங்கியதன் மர்மம் அன்றுதான் விளங்கிற்று. 5 கிகாஹெர்ட்ஸ் வகையில் பாதைகள் பல, வேகமும் மிகுதி. சுவரைக் கண்டால் மட்டும் அதற்குச் சோர்வு.

பெட்டியைப் பீரோவின் மறைவிலிருந்து வெளிக்கொணர்ந்து, ஆறடி உயரத்தில் திறந்த பலகையொன்றில் வைத்தேன். இழையை மடிக்காமல், அகன்ற வளைவாக விட்டேன். செலவு ஏதுமில்லை, பின்னறையில் 15 வந்தது. பலருக்கு இதுவே போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு அது பகலில் போதுமாயிருந்தது. அண்டை வீட்டார் அனைவரும் திரைப்படம் பார்க்கும் ஞாயிறு மாலையில் போதவில்லை. நான் பேசுவதோ அந்த மாலையில்தான்.

ஆகவே முடிவில் வாங்கினேன், ஆனால் மாற்றவில்லை. நிறுவனத்தின் பெட்டி இருந்த இடத்திலேயே ஒளியையும் முகவரியையும் தொலைபேசியையும் கவனிக்கட்டும் என்று விட்டு, அதன் வைஃபையை மட்டும் நிறுத்தினேன். 2,100 ரூபாயில் இரு அலைவரிசையும் உள்ள சாதாரண ரூட்டர் ஒன்றை வாங்கி, சுவரோரமாகக் கம்பி இழுத்து, வீட்டின் நடுவே வைத்தேன். அரசாங்கக் குடியிருப்பில் சுவரைத் துளைக்கத் துணியவில்லை. கதவு நிலையின் இடுக்கு உதவிற்று. புதுக்கருவியை 'அணுகுமுனை' என்னும் முறையில் அமைத்தேன். இல்லையேல் இரண்டும் முகவரி பங்கிடத் தொடங்கி, ஓர் அலுவலகத்தில் இரு மேலதிகாரிகள் இருப்பது போலாகும். ஆறு கொம்புக் கருவி வேண்டியிருக்கவில்லை. இப்போது பின்னறையில் 60-க்குக் குறைவதில்லை.

இதற்கு மறுதலையான வழியும் உண்டு. நிறுவனத்தின் பெட்டி ஒளியை மாற்றுவதோடு நிற்க, மற்றெல்லாவற்றையும் நம் கருவி ஏற்கும் 'பாலம்' என்னும் முறை அது. அதற்கு நிறுவனம் இசைய வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுப் பெற வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் இயற்றிய ஒழுங்குவிதி, தமக்கு விருப்பமான கருவியைப் பயன்படுத்தும் உரிமையைச் சந்தாதாரருக்குத் தந்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல் இதற்கெனத் தனிச்சட்டமே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், சந்தாதாரர் சொந்தமாக வைத்திருக்கும் கருவிக்கு நிறுவனம் வாடகை வாங்கலாகாது என விதித்தது.

இவ்வளவு ஏன் வாதாடுகிறார்கள் என்றால், சாவி யாரிடம் என்பதே பிரச்சினை. நிறுவனம் தரும் பெட்டியைத் தொலைவிலிருந்தே அவர்களால் திறந்து சீர்செய்ய முடியும். வீட்டுக்காரரிடம் ஒரு மாற்றுச் சாவி இருப்பது போல. பழுது வந்தால் நன்மை. நாம் ஒன்றும் அறிய வேண்டியதில்லை. ஆனால் அவ்வாசல் சரியாகப் பூட்டப்படாவிட்டால் அனைவர் வீடும் ஒருங்கே பாழாகும். 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு இவ்வகை வாசலைக் குறிவைத்த தாக்குதலால் சீர்குலைந்தது. மறுபுறம், நாம் வாங்கிய கருவிக்கு நாமே காவலர். அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்காமல் மூன்றாண்டு மறந்திருப்பவர், நிறுவனத்தின் பெட்டியோடு இருப்பதே மேல். இரண்டிலும், பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். தமது பெட்டி பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதது, 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாதது என்று அறிபவர், வேறு பெட்டி தருமாறு நிறுவனத்தையே கேட்கலாம். கேட்டவருக்குச் சில சமயம் இலவசமாகவே கிடைக்கிறது.

நம்மைப் போல் மாற்றலாகி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளியை மாற்றும் கருவியைச் சொந்தப் பணத்தில் வாங்காதீர்கள். அடுத்த ஊரில் அடுத்த நிறுவனம் அதை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. கம்பியால் இணையும் சாதாரண ரூட்டர் அப்படியன்று. போபாலாயினும் புவனேசுவரமாயினும் துணிமூட்டையோடு கூட வரும். மின்வெட்டு மிகுந்த ஊரானால், இரு பெட்டிகளுக்கும் மின்கலத் துணை வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் இரண்டும் வீண். நிறுவனத்தின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கையில், பின்னாலுள்ள சிறு பொத்தானை அழுத்தி உங்கள் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, வரிசை எண் குறித்த ரசீது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வைப்புத்தொகை அந்தக் காகிதத்தைக் கொண்டுதான் திரும்பும்.

சென்ற ஞாயிறு அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். நான் மெலிந்துவிட்டேன் என்பது அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறதாம்.