எட்டுப் பந்தயங்களுக்கு ஓர் அட்டவணை

(நம் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரிட்டயர் ஆயிட்டு என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். "கார் ரேஸ் நடத்துறேன்" என்றால் சிரிக்கிறீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் செட்டில் பன்னிரண்டு பேர், கோயமுத்தூரிலிருந்து கலிபோர்னியா வரை, அவரவர் வீட்டு மேஜையில் ஒரு ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டுகிறோம். ஓட்டுவது 1967-ஆம் வருடத்து ஃபார்முலா ஒன் கார்கள். வருடத்துக்கு எட்டுப் பந்தயம். எந்த டிராக், எந்த வரிசை என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு.

"இதில் என்ன பெரிய கஷ்டம், எட்டு ஊர் பேரை எழுத வேண்டியதுதானே?" என்பீர்கள். கல்யாணப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரியும் இந்தக் கஷ்டம்.

முதலில் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று லிட்டர் எஞ்சின், சுமார் நானூறு குதிரைசக்தி, எடையோ ஐந்நூறு கிலோவை ஒட்டி. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் 1968-ல்தான் வந்தன. ஆகவே 67 கார் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கும். அதைக் காலாலும் கையாலும் கெஞ்சித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த சீசனை 1998-ல் பாபிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் "கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்" என்ற விளையாட்டாகக் கொண்டுவந்தது. இந்தப் பைத்தியம் பலருக்குப் பிடித்தது அதிலிருந்துதான்.

பழைய காருக்குப் பழைய டிராக் வேண்டும். இது முதல் விதி. இன்றைய ஸ்பா சுமார் 7 கிலோமீட்டர். அன்றைய ஸ்பா 14 கிலோமீட்டர், கிராமங்களுக்கு நடுவே போகிற பொது ரோடு. மோன்ஸாவில் வேகத்தைக் குறைக்கும் குறுக்கு வளைவுகள் 1972-ல்தான் வந்தன. பிரான்சின் ரூவான் டிராக் 1990-களில் மூடப்பட்டே போனது. இருக்கிற டிராக்கை லேசர் கருவி வைத்து அளந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரலாம். இல்லாத டிராக்கை என்ன செய்வது? பழைய வரைபடம், புகைப்படம், 1966-ல் வந்த "கிராண்ட் பிரீ" போன்ற சினிமா, இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ரசிகர்கள் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது விதி, எல்லோருக்கும் ஒரு நாள் கிடைக்க வேண்டும். வேகமான டிராக்குகளாகவே போட்டால், வேகமான இரண்டு பேரே எட்டையும் ஜெயிப்பார்கள். மற்ற பத்துப் பேருக்கு நாலாவது பந்தயத்திலேயே "சனிக்கிழமை வேற வேலை இருக்குப்பா" என்றாகிவிடும். லீக் என்பது பன்னிரண்டு பேர் இருந்தால்தான் லீக்.

எங்களில் ஒருவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மோன்ஸாவில் எப்போதும் கடைசி. ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் போன வருடம் மூன்றாவதாக வந்தார்! காரணம் எளிது. ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். 1967-ல் ஜிம் கிளார்க்கே முதலிடம் பிடிக்க ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் நாலு விநாடி எடுத்துக்கொண்டார். அத்தனை வளைவுகளையும் மனப்பாடம் செய்ய நம்மவருக்குப் பொறுமை இருந்தது. அவசரக்காரர்கள் வேலிக்குள் போனார்கள். அன்று இரவு அவர் எனக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசினார். நூர்பர்க்ரிங்கை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் இப்போதும் கேட்கிறார்கள். எடுக்க மாட்டேன்.

அந்த 67 சீசனே இதற்குச் சாட்சி. கிளார்க் நாலு பந்தயம் ஜெயித்தார், 41 புள்ளி. டென்னி ஹல்ம் ஜெயித்தது இரண்டே இரண்டு, மோனாக்கோவும் நூர்பர்க்ரிங்கும். ஆனால் 51 புள்ளியோடு சாம்பியன் ஆனவர் அவர்தான்.

மூன்றாவது, வரிசை. தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கியாலாமி, கை பழக. அடுத்து ஹாலந்தின் சான்ட்ஃபோர்ட், பிறகு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். சில்வர்ஸ்டோன் யுத்தகால விமானத்தளம். நம் சோழவரமும் அப்படித்தான். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் அங்கே ரேஸ் பார்க்கப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். தரை சமமாக இருக்கும், மரம் மட்டை இருக்காது. எங்கே பிரேக் போடுவது என்று அடையாளம் கிடைக்காது. நாலாவது ரூவான், ஐந்தாவது ஸ்பா, ஆறாவது அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென். அதற்குப் பிறகு ஒரு மாதம் இடைவெளி விட்டு நூர்பர்க்ரிங். படிக்க நேரம் வேண்டுமே! கடைசியில் மோன்ஸா. அங்கே முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றுத் தடை குறையும், யாரும் யாரையும் முந்தலாம். 1971-ல் முதல் ஐந்து கார்கள் ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்த இடம் அது. கடைசி நாள் வரை யாருக்கும் நம்பிக்கை போகாது.

ரூவான் பற்றி ஒரு வழக்கு. "67-ல் பிரெஞ்சுப் பந்தயம் லெ மானின் புகாட்டி டிராக்கில்தானே நடந்தது?" என்றார் நம் வரலாற்றுப் பிரிவு நண்பர். நியாயம்தான். ஆனால் ஃபார்முலா ஒன் அங்கே நடந்தது அந்த ஒரு முறைதான். பாபிரஸ்காரர்களே அதை விட்டுவிட்டு ரூவானைப் போட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்.

இனி, சிரிக்க முடியாத விஷயம். ஸ்பா.

எங்களில் ஒருவர் டாக்டர். அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஆள் செத்த ரோட்ல நாம விளையாடலாமாடா?" 1960-ல் ஒரே பந்தயத்தில் அங்கே இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். 1966-ல் ஜாக்கி ஸ்டூவர்ட் மழையில் தடம் புரண்டு, பெட்ரோல் கசிகிற காருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தார். சீட் பெல்ட் கிடையாது. அவரை வெளியே எடுத்தவர்கள் சக ஓட்டுநர்கள். பந்தயத்தில் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் வருடக்கணக்காகப் போராடியதற்கு அந்த நாள்தான் காரணம். அங்கே தொடர்ந்து நாலு வருடம் ஜெயித்த கிளார்க்குக்கே அந்த டிராக் பிடிக்காது. அவரும் 1968-ல் ஹாக்கன்ஹைமில் இறந்தார்.

இரண்டு வாரம் வாதாடினோம். ஸ்பாவை எடுத்துவிட்டால், அந்தக் காலப் பந்தயம் அழகான கார்களின் ஊர்வலம் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம் என்பது என் கட்சி. கடைசியில் ஸ்பா இருக்கிறது, இரண்டு நிபந்தனையோடு. பந்தயத்துக்கு முன் அங்கே நடந்ததை நான் ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இரண்டாவது, மோதினால் அன்றைக்கு அவ்வளவுதான். பொத்தானை அமுக்கிப் புதுக் கார் வாங்குவது கிடையாது. அதனாலேயே அன்று எல்லோரும் கொஞ்சம் அடக்கமாக ஓட்டுகிறார்கள். டாக்டர் மட்டும் ஸ்பாவில் ஓட்டுவதில்லை. நடுவராக உட்கார்ந்து யார் யாரை இடித்தார் என்று பார்க்கிறார். அவரை மாற்ற நான் முயற்சி செய்யவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருப்பது லீகுக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த சீசனுக்குப் பதின்மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. வயது தடையில்லை, முழங்கால் வலியும் தடையில்லை. வீட்டில் அனுமதி மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். மோனாக்கோவைச் சேர்க்கச் சொல்லி யாரும் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடிக்க வேண்டாம். அந்தச் சந்தில் பன்னிரண்டு கார் தாங்காது!