கைதா, வீடா? நடுவில் ஒரு பெஞ்சு எங்கிருந்து வந்தது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது கூலியைப் பற்றி அல்ல, போனஸைப் பற்றியும் அல்ல. நம் உடம்பைப் பற்றி. இந்த உடம்பு யாருடையது? எட்டு மணி நேரம் மில்லுக்கு விற்கிறோம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வயலுக்கு விற்கிறோம். மிச்சமிருக்கும் நேரத்துக்காவது இதற்கு நாமே எஜமானர்களா? அல்லது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்று "வாடா ஸ்டேஷனுக்கு" என்று கூப்பிட்ட நிமிஷத்தில் இது அவருடையதாகி விடுகிறதா?

நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நடவுக் கூலியை உயர்த்தக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த வாரம் அது. பெரிய பண்ணைக்காரரின் பம்பு செட்டிலிருந்து செம்பு வயர் திருட்டுப் போய்விட்டது என்று ஒரு புகார் கிளம்பியது. சந்தேகம் யார் மேல்? கூலிப் பேச்சில் முன்னால் நின்று பேசியவர் மேல்! இரவு பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம், சட்டையைப் போட்டுக்கிட்டு வா" என்றார்கள். போனார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. அவருடைய மனைவி தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வெளியே நின்றார். மூன்றாம் நாள் சங்கத் தோழர்கள் போய்க் கேட்டார்கள். எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க யாரையும் அரெஸ்ட் பண்ணலையே! எஃப்.ஐ.ஆர். கூட இன்னும் போடலையே!"

"அப்படீன்னா அவரை இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடலாங்களா சார்?"

"அதெப்படி? விசாரணை முடியலையில்ல!"

இந்த இரண்டு பதில்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள், தோழர்களே. கைதும் இல்லை, விடுதலையும் இல்லை. அப்படியானால் இரண்டு நாளாக அந்த மனிதர் எங்கே இருந்தார்? சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். அந்தப் பெஞ்சு அதில் எங்கும் இல்லை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விடவேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. கைது இல்லையென்றால் அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். தன் இஷ்டப்படி எழுந்து போக முடியாமல் ஒருவரைத் தடுத்த நேரத்திலிருந்தே அது கைதுதான், டைரியில் எப்போது எழுதினார்கள் என்பது கணக்கல்ல என்று கோர்ட்டுகளும் சொல்லியிருக்கின்றன.

இந்தப் பெஞ்சுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1855-இல் சென்னை மாகாணத்தில் கும்பினி சர்க்காரே போட்ட ஒரு கமிஷன் விசாரித்தது. எதைப் பற்றி? குடியானவர்களைச் சித்திரவதை செய்து வரி வாங்குகிறார்களே, அதைப் பற்றி! கிட்டி என்று ஒன்று இருந்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று. ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. அன்றைக்கு வரி வாங்கும் அதிகாரியும் போலீஸ் அதிகாரியும் ஒரே ஆள். வரி பாக்கிக்கும் அதே கிட்டி, திருட்டுக் கேஸுக்கும் அதே கிட்டி. நம் பாட்டன்மார்கள் வெகுதூரம் நடந்துபோய் அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1857-இல், நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றி ஒருவர் எழுதினார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ்.

1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872-இல் சாட்சியச் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று அதில் எழுதினார்கள். நம்மை ஆண்ட வெள்ளைக்காரனே தன் போலீஸை அந்த விஷயத்தில் நம்பவில்லை! இன்றைக்குச் சட்டத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள், அந்த விதியை மாற்றத் துணியவில்லை.

இங்கே ஒரு இளம் தோழர் எழுந்து கேட்டார்: "சட்டம் போடுகிறவர்கள் பணக்காரர்கள். நம் உடம்புக்கு நாமே ராஜா. அவர்கள் சட்டத்துக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?" கோபம் நியாயம். ஆனால் இதே வார்த்தையை வேறொருவரும் சொல்லுகிறார், கவனித்தீர்களா? பண்ணைக்காரர் சொல்லுகிறார். "என் நிலம், என் பணம், நான் கொடுக்கிறதுதான் கூலி; இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்கிறார். மில் முதலாளியும் அப்படித்தான். அவரவருக்கு அவரவர் ராஜா என்றால், நூறு ஏக்கர் ராஜாவுக்கும் கைக்கு மண்வெட்டி மட்டுமே உள்ள ராஜாவுக்கும் நடுவில் யுத்தம் எப்படி முடியும் என்று நமக்குத் தெரியாதா? சேரியில் தீ வைத்தவனைப் பிடி, வன்கொடுமைச் சட்டத்தில் கேஸ் போடு என்று அதே ஸ்டேஷன் வாசலில் நின்று நாம்தான் கேட்கிறோம். நமக்குச் சட்டம் வேண்டும். சட்டத்தின் பெயரைச் சொல்லிச் சட்டத்தில் இல்லாததைச் செய்கிறார்களே, அதுதான் வேண்டாம்.

ஒரு பெரியவர் வேறு விதமாகச் சொன்னார்: "போலீஸ்னா அப்படித்தான் தம்பி, அதை யாரு கேக்கிறது?" ஐயா, கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏ.கே. கோபாலன் கேட்டார்

1950 ஜனவரி 26-ஆம் தேதி அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. தனிமனித சுதந்திரம் உண்டு என்று அதன் 21-வது பிரிவு சொல்லிற்று. அந்த மை காய்வதற்குள், பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அதே மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. குற்றம் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, செய்யக்கூடும் என்று அதிகாரி நினைத்தால் போதும், உள்ளே!

ஏ.கே. கோபாலன் அப்போது சென்னை ராஜ்யத்துச் சிறையில் இருந்தார். 1947 டிசம்பரிலிருந்தே அவருக்குச் சிறைதான். அவர் மேல் போட்ட கேஸுகளில் கிடைத்த தண்டனைகளைக் கோர்ட் ரத்து செய்த பிறகும் வெளியே விடவில்லை. 1950 மார்ச் 1-ஆம் தேதி, புதுச் சட்டத்தின் கீழ் புது உத்தரவு ஒன்றைச் சிறைக்குள்ளேயே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவர் சார்பில் வாதாடியவர் எம்.கே. நம்பியார். கேட்ட கேள்வி நம் பெஞ்சுக் கேள்விதான். சட்டசபையில் கை தூக்கி ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டால், அது எவ்வளவு அநியாயமானதாக இருந்தாலும், என் உடம்பை எடுத்துக்கொள்ளலாமா?

மே 19-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் என்று ஒன்று முறையாக நிறைவேறியிருந்தால் போதும், அது நியாயமானதா என்று கோர்ட் பார்க்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஏன் அடைத்தோம் என்ற காரணத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக்கூடாது என்றிருந்த ஒரு பிரிவை மட்டும் அடித்தார்கள். நீதிபதி பஸல் அலி ஒருவர், நியாயமான விசாரணை இல்லாத நடைமுறை சட்டமாகாது என்கிற கருத்தைத் தனியாக எழுதி வைத்தார். கோபாலன் தோற்றார். 1952 தேர்தலில் ஜனங்கள் அவரை லோக்சபாவுக்கு அனுப்பினார்கள்.

1976-இல், நெருக்கடி நிலையின்போது, இன்னும் கீழே போயிற்று. அடைக்கப்பட்டவர் கோர்ட்டை அணுகவே உரிமையில்லை என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் எழுதினார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. சிறையில் கிடந்த கோபாலனுக்குக் கிடைக்காத வார்த்தை 28 வருஷம் கழித்து ஒரு பாஸ்போர்ட் தகராறில் கிடைத்தது! எப்படியும் வந்தது, நாம் எடுத்துக்கொள்வோம்.

1986-இல் மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிச் சங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு என்பவர், லாக்கப் சாவுகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் காட்டித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், தீர்ப்பு வந்தது. கைது செய்கிற போலீஸ்காரர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். டாக்டர் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை உண்டு. கைதுக் குறிப்பு 36-வது பிரிவு. 24 மணி நேரக் கெடு 58-வது பிரிவு. சாட்சியாக விசாரிக்கக் கூப்பிட்டாலும் எழுத்தில் கூப்பிட வேண்டும் என்பது 179-வது பிரிவு. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள கேஸில், கைது அவசியம் என்று காரணம் காட்ட முடியாவிட்டால் நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். செம்பு வயர் திருட்டு அந்த ரகம். சாட்சியானாலும் காகிதம், சந்தேகமானாலும் காகிதம்.

ஆனால் இந்தப் புதுச் சட்டம் இனிப்பு மட்டும் கொடுக்கவில்லை. போலீஸ் காவல் 15 நாள் என்பதை முன்பு முதல் 15 நாளுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. இப்போது அதைத் துண்டு துண்டாக்கி 40 நாள் அல்லது 60 நாள் காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். 172-வது பிரிவு, குற்றம் நடக்காமல் தடுக்கிற வேலையில் போலீஸ் இடும் சட்டபூர்வமான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும், மறுத்தால் பிடித்து வைக்கலாம் என்கிறது. மறியலுக்குப் போகிற தோழர்கள் "சட்டபூர்வமான" என்ற அந்த ஒரு வார்த்தையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் வாயிலிருந்து வருவதெல்லாம் அந்த வார்த்தைக்குள் அடங்காது. தமிழ்நாட்டில் 1982-இல் வந்த குண்டர் சட்டமோ கோபாலனை அடைத்த சட்டத்தின் தம்பிதான். விசாரணையின்றி 12 மாதம்.

வாச்சாத்தி

காகிதத்தில் இருப்பது தானாக நடக்காது என்பதற்கு வாச்சாத்தியைவிடச் சாட்சி வேண்டாம். தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே, குழந்தைகளோடு, சிறைக்கு அனுப்பினார்கள்! அத்தனையும் சட்டத்தின் பெயரால், சட்டையில் சர்க்கார் முத்திரையோடு.

அந்தப் பெண்கள் வாயை மூடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களோடு நின்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தப் பெண்கள் எத்தனை முறை கூண்டில் ஏறி அதே கதையைச் சொல்லியிருப்பார்கள், எத்தனை நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தனியாக ஒருத்தி போயிருந்தால் அந்தப் பஸ்ஸை இரண்டாம் முறை பிடித்திருப்பாளா?

ஒரு வார்த்தை போலீஸ்காரரைப் பற்றியும். அவரும் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர்தான். இரவும் பகலும் டியூட்டி. சங்கம் வைக்கக்கூட அவரைத் தடுத்து 1966-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். தன் லீவுக்கே வாய் திறக்க முடியாதவர் நம்மிடம் மட்டும் "வாடா" என்கிறார். அவர் கையிலிருக்கும் லத்தி அவருடையது அல்ல, இரவல். இரவல் கொடுத்த சட்டம் எவ்வளவு தூரம் நீட்டலாம் என்றும் அளந்துதான் கொடுத்திருக்கிறது.

சரி, பெஞ்சில் விட்ட நம் தோழரிடம் திரும்புவோம். மூன்றாம் நாள் மாலை நடவு முடிந்த பெண்கள் சேறு காயாத காலோடு ஸ்டேஷனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். மில்லில் பகல் ஷிப்ட் முடிந்த தோழர்களும் வந்தார்கள். யாரும் கல்லை எடுக்கவில்லை, கதவைத் தள்ளவில்லை. சங்கச் செயலாளர் ஒரு வெள்ளைத் தாளை எஸ்.ஐ. மேஜைமேல் வைத்தார். "சார், இவரை எத்தனை மணிக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க, எந்தக் கேஸுக்கு, இதுல எழுதிக் கொடுத்துடுங்க. நாங்க கிளம்பிடுறோம்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாளின் நகல் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தபாலில் போய்விட்டது என்பதையும் மரியாதையாகச் சொன்னார்.

எஸ்.ஐ. தாளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். எழுதினால் இரண்டு நாள் சட்டவிரோதக் காவல் அவர் கையெழுத்திலேயே நிற்கும். எழுதாவிட்டால் ஆளை வைத்திருக்க முடியாது. இரவு ஒன்பதரை மணிக்கு நம் தோழர் வெளியே வந்தார். அந்தத் தாள் எழுதப்படாமலே மேஜைமேல் கிடந்தது. அவருடைய மனைவி வெறும் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாள் கூலி போயிற்று. பண்ணைக்காரரும் தரமாட்டார், போலீஸும் தராது. லாக்கப்பில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாவின் ஒரு தாய் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு, 1993-இல் சுப்ரீம் கோர்ட் சர்க்காரை ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க வைத்தது. அந்த வழியில் இந்த மூன்று நாள் கூலியையும் கேட்க முடியுமா என்று வக்கீல் தோழரிடம் கேட்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு வருகிறார். இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். வந்த தேதியும் மணியும் நினைவிருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.