கதவடியில் கையெழுத்து வைக்காதீர்கள்



எனக்கு அப்ப 19 வயது. கிழக்கு லண்டனில எங்கட வீட்டுக்கு ஒரு மின்சாரக் கம்பனியின் ஆள் வந்தார். அடுத்த தெருவில கட்டுற புது ஃபிளாட்டுகளுக்குக் கரண்ட் குடுக்க, எங்கட பின்வளவுக்குள்ளால கேபிள் தாட்டுக்கொண்டு போகவேணும் என்றார். கையில ஒரு பத்திரம். ஒரு சின்னத் தொகை தருவதாகவும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தா. வீட்டில ஆங்கிலம் வாசிக்கிற ஆள் நான்தான். இரண்டு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பிரச்சினையில்லை அம்மா, வையுங்கோ" என்றேன். சாட்சியாகக் கையெழுத்து வைத்ததும் நான்தான்.

பத்து வருசத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போச்சு. கீழே ஒரு குளியலறை கட்டுவம் என்று வெளிக்கிட்டோம். கேபிள் போகிற துண்டுக்கு மேல எதுவும் கட்டக்கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா கையெழுத்து வைத்தது 'ஈஸ்மென்ட்' பத்திரம். அது காணிப் பதிவோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், வீட்டை விற்றாலும் போகாது. 'வேலீவ்' என்பது வேற. அது ஒரு அனுமதி மட்டும்தான். பொதுவாக வருடாவருடம் காசு தருவார்கள். அறிவித்தல் குடுத்து முடிக்கவும் கேட்கலாம். இந்த வித்தியாசத்தை வந்தவர் சொல்லேல்ல. நானும் கேக்கேல்ல.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் என்ன சொல்லுது? 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, நீங்கள் சம்மதிக்காவிட்டால் கம்பனி உங்களுக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் தந்து அறிவித்தல் அனுப்பவேணும். அதற்குப் பிறகும் மறுத்தால் அமைச்சரிடம் விண்ணப்பிக்கலாம். அந்த வழியால் கம்பனிக்குக் கிடைக்கக்கூடியது வேலீவ்தான், ஈஸ்மென்ட் இல்லை. முடிவெடுக்க முதல் உங்கள் பக்கத்தைக் கேட்கவேணும். இந்த உரிமை வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமில்லை, அந்தக் காணியில் குடியிருப்பவருக்கும் உண்டு. வாடகைக்கு இருக்கிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு நிற்கிற நிலத்துக்கு மேலால கம்பி இழுக்கக் கேட்டால், அந்த விண்ணப்பத்தை அமைச்சர் எடுக்கவே கூடாது. நட்டஈட்டில் உடன்பாடு வராவிட்டால் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தனிச்சொத்து புனிதமானது என்று சொல்ல நான் இங்க வரேல்ல. புது வீடுகளுக்குக் கரண்ட் வேணும், கேபிள் எங்கையோ போகத்தான் வேணும். ஆனால் மற்றவர் காணிக்குள் கட்டாயமாக நுழையும் அதிகாரம் ஒரு காலத்தில் பொது மின்சாரச் சபைகளிடம் இருந்தது. மின்சாரத்தைத் தனியார்மயமாக்கியதும் இதே 1989 சட்டம்தான். பொதுத்தேவைக்கென்று இருந்த அதிகாரம் இப்போது இலாபத்துக்கு நடக்கும் கம்பனிகளின் கையில். எங்கட வளவுக்குள்ளால போற கேபிளால் பங்குதாரருக்கு ஒவ்வொரு வருடமும் வருமானம். அம்மாவுக்கு ஒரு தரம் வந்த சின்னக் காசு. எங்கட கோரிக்கை பொதுவுடைமைதான். அது வரும்வரைக்கும் எங்கட ஆக்கள் ஏமாறாமல் இருக்கவேணும்.

அம்மா 1990இல் வலிகாமம் வடக்கில காணியை விட்டிட்டு ஓடி வந்தவ. அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வாசலில நிற்கிற ஆளிடம் கேள்வி கேட்கிற பழக்கம் அவவுக்கு இல்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவேணும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை. உங்கட வீட்டுக்கோ பக்கத்து வீட்டு அன்ரிக்கோ இப்படியான கடிதம் வந்தால், "வைச்சிட்டுப் போங்கோ, வாசிச்சிட்டுச் சொல்லுறம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு மூன்று விசயம் எழுத்தில் கேளுங்கள். இது வேலீவா ஈஸ்மென்டா? கேபிள் சரியாக எதுக்குள்ளால போகும், அதுக்கு மேல என்ன கட்டலாம்? எங்கட சொலிசிட்டரின் செலவை நீங்கள் தருவீர்களா? பல தடவை தருவார்கள், ஆனால் கேட்டால்தான்.

அம்மா இப்பவும் குளிக்க மேல்மாடிக்கு ஏறுறா. நான் பின்னால ஏறுறன்.