எட்டாத் தொலைவிலிருந்து ஒரு குரல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன்னே மணி அடிக்கும். எல்லோரும் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர்ப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் மட்டும் குரல் கொடுப்பார். இருநூறு பேர் நிற்கிற களத்திலும் சற்று நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அந்த இருநூறு பேரும் ஒரே சமயத்தில், "நான் வந்துவிட்டேன், முதலில் என் பெயரை எழுதுங்கள்!" என்று கத்தினால் என்ன ஆகும்? கிராணியின் காதில் ஒரு பெயரும் விழாது. வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பாலும் குறைந்துவிடும். நட்டம் கத்தியவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான்.

இன்று நாம் பேசப்போவதும் ஒரு பெரட்டைப் பற்றியே. ஆனால் அது களத்தில் நடப்பதன்று, வானலையில் நடப்பது. அங்கே கிராணி ஒருவர்தான். கூப்பிடுகிறவர்களோ உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

அமெச்சூர் வானொலி என்பதைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் ஈடுபடுகிறவர்களை 'ஹேம்' என்று சொல்வார்கள். இவர்கள் சம்பளத்துக்காக ஒலிபரப்புகிறவர்கள் அல்லர். அரசாங்கத்தின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் வைத்து, உலகின் மறுமுனையில் இருக்கும் இன்னொருவரோடு பேசுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. மலேசியர்களின் குறி 9எம் அல்லது 9டபிள்யூ என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 9வி, இலங்கைக்கு 4எஸ், இந்தியாவுக்கு வி.யு. குறியைக் கேட்டதுமே ஆள் எந்த நாட்டவர் என்று தெரிந்துவிடும்.

இவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது சிற்றலை. பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை, சூரியனின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டு வளைந்து மறுபடி பூமிக்குத் திரும்பும். இப்படிப் பல முறை துள்ளிப் போனால் பிரேசிலுக்கும் போய்ச் சேரும். ஒரு மின்விளக்கு எரியும் அளவு, அதாவது 100 வாட் சக்தி போதும். ஆனால் அந்த வழி எப்போதும் திறந்திருக்காது. சில திசைகளுக்கு ஒரு நாளில் அரை மணி நேரமே திறந்திருக்கும்.

இந்த உலகத்தில் நாடுகளையும் தனித் தீவுகளையும் சேர்த்து 340 இடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஜப்பானோடு பேசுவது எளிது. அங்கே ஹேம்கள் ஏராளம். ஆனால் பட்டியலில் உள்ள சில இடங்களில் மனிதர்களே இல்லை. சில இடங்களில் ஆள் இருந்தாலும் அனுமதி கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு குழு தன் சொந்தச் செலவில் கப்பலேறிப் போகும். ஆன்டெனா நட்டு, ஜெனரேட்டர் ஓட்டி, ஒன்றிரண்டு வாரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பும்.

இது விளையாட்டுத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துத் தென்சீனக் கடலிலேயே ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம் இருக்கிறது. பல நாடுகள் உரிமை கொண்டாடும் இடம். 1983 ஏப்ரலில் ஜெர்மானிய ஹேம்கள் நால்வர் ஒரு பாய்மரப் படகில் அங்கே போனார்கள். அம்போய்னா என்ற சிறு தீவை நெருங்கியபோது, அதைப் பிடித்து வைத்திருந்த வியட்நாமியப் படையினர் சுட்டார்கள். படகு எரிந்து போயிற்று. ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர்கள் சிறு தோணியில் பல நாள் குடிக்கத் தண்ணீரின்றி மிதந்தார்கள். இன்னொருவர் அந்தத் தோணியிலேயே உயிர்விட்டார். எஞ்சியவர்களை அவ்வழியே வந்த சரக்குக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. அதே தீவுக்கூட்டத்தில் லாயாங்-லாயாங் நம் மலேசியாவிடம் இருக்கிறது. பின்னாளில் உரிய அனுமதியோடு பல குழுக்கள் அங்கிருந்து 9எம்0 என்ற குறியில் பாதுகாப்பாகப் பேசின. ஆக, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலுக்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குரல் வானலையில் எழுந்த மறு நிமிடம் என்ன நடக்கிறது? ஜப்பானிலிருந்து நூறு பேர், ஐரோப்பாவிலிருந்து ஐந்நூறு பேர், அமெரிக்காவிலிருந்து இன்னும் ஐந்நூறு பேர் ஒரே மூச்சில் தங்கள் குறியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இதற்குப் 'பைல்-அப்' என்று பெயர். குவியல் என்று பொருள். கேட்டுப் பார்த்தால், சந்தைக்கடையில் தேன்கூடு கலைந்தது போல இருக்கும்.

கைதேர்ந்த ஒருவர் இந்தக் குவியலிலிருந்து ஒரு மணி நேரத்தில் 200 பேரைக்கூட எடுத்துவிடுவார். கூப்பிடுகிறவர்கள் ஒழுங்காக இருந்தால் மட்டுமே அது முடியும். ஒழுங்கு கெட்டால் அவரே முப்பது நாற்பது பேருக்கு மேல் எடுக்க முடியாமல் திணறுவார். வழி திறந்திருப்பது அரை மணி என்றால், பெயர் விடுபட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒரு குழு அங்கே போகப் பத்து வருடமும் ஆகலாம்.

அப்படியானால் ஒழுங்கு என்பது என்ன? முதலில் காது. வாயைத் திறக்குமுன் சில நிமிடம் சும்மா கேட்க வேண்டும். எதிர்முனைக் குரல் நம் பெட்டியில் தெளிவாகக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் கூப்பிடவே கூடாது. அவர் பதில் சொன்னாலும் நமக்குத் தெரியாதே! இது சின்னக் குழந்தைக்கும் விளங்கும் விஷயம். ஆயினும் கேட்காமலே மணிக்கணக்கில் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு மணக்கிறது என்று தெரிந்து, யாருக்கு என்று கேட்காமலே இலையை விரித்து உட்கார்ந்துவிடுகிற ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பாரல்லவா, அதுபோல.

அடுத்தது, எங்கே கூப்பிடுவது என்பது. அனுபவமுள்ள தொலைநிலையத்தார் தாம் பேசுகிற அலைவரிசையில் பிறரைக் கூப்பிட விடமாட்டார். "ஐந்து மேலே" என்று அறிவிப்பார். அதாவது, என் குரலை இங்கே கேளுங்கள். என்னைக் கூப்பிடுவதை ஐந்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அப்போதுதான் ஆயிரம் பேர் கத்தினாலும் அவருடைய குரல் தனியாக, சுத்தமாக எல்லோருக்கும் கேட்கும். இதைக் கவனிக்காமல் ஒருவர் அவர் குரலின் மேலேயே நேராகக் கூப்பிட்டுவிட்டால், கிராணியின் வாயைக் கையால் பொத்தியது போல ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. அப்படித் தவறு செய்தவரைத் திருத்துகிறோம் என்று பத்துப் பேர் அதே அலைவரிசையில் கிளம்புவார்கள். "மேலே போ! முட்டாளே, மேலே போ!" என்று ஏசுவார்கள். தவறியவர் ஒருமுறை கூப்பிட்டு ஓய்ந்திருப்பார். இந்தப் போலீஸ்காரர்கள் ஐந்து நிமிடம் ஓயமாட்டார்கள். நம் எண்ணத்தில், முதல் ஆள் செய்த கெடுதலைவிட இவர்கள் செய்வதே பெரிது. தொலைநிலையத்தார் தாமே அமைதியாக மறுபடி "ஐந்து மேலே" என்று சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பதே அவருக்கு உதவி.

கூப்பிடும்போது முழுக் குறியையும் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் மீதியைக் கேட்டு வாங்க இன்னொரு சுற்று வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு உடனே நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். மூச்சு விடாமல் பத்து முறை சொல்கிறவருக்கு, அவரையே எதிர்முனை அழைத்தாலும் தெரியாது.

சில சமயம் எதிர்முனைக்கு ஒரு குறியின் பாதிதான் காதில் விழும். பெரட்டில் கிராணி, "மாரி... மாரி யார்?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரியப்பன் குரல் கொடுக்கலாம், மாரியம்மாளும் கொடுக்கலாம். லெட்சுமி ஏன் கொடுக்க வேண்டும்? வானலையிலோ, மாரி என்றால் லெட்சுமியும் கோவிந்தனும் ஆறுமுகமும் சேர்ந்தே கத்துகிறார்கள். பல நேரம் தொலைநிலையத்தார், "இப்போது ஜப்பான் மட்டும்" என்றோ, "குறியில் இரண்டு என்ற எண் உள்ளவர்கள் மட்டும்" என்றோ பிரித்துக் கூப்பிடுவார். நம் முறை இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முறை வரும்.

நம் குறி சரியாக அழைக்கப்பட்டுவிட்டதா? ஒலி எப்படிக் கேட்கிறது என்பதற்கான எண்ணை, பெரும்பாலும் "ஐந்து ஒன்பது" என்று, சொல்லி நன்றி கூறிவிட வேண்டும். எங்கள் ஊரில் மழை, என் ஆன்டெனா இத்தனை அடி உயரம் என்றெல்லாம் அவரிடம் கதை பேசக்கூடாது. பின்னால் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். ஒரே அலைவரிசைப் பிரிவில் அவரோடு ஒருமுறை பேசிவிட்டால், ஆசைக்கு மறுமுறை கூப்பிடவும் கூடாது. முதல் சோற்றுக்கு ஒருவர் காத்திருக்க, இரண்டாம் சோறு கேட்பது போன்றதுதான் அது.

இத்தனை கட்டுப்பாடும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்தமானில் நடந்ததைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்தமான், நிக்கோபார் தீவுகளின் குறி வி.யு.4. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கிருந்து ஹேம் குரல் எழவில்லை, அனுமதி இல்லை. பாரதி பிரசாத் என்ற இந்திய அம்மையார் விடாமல் முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். உலகமே அவரைக் கூப்பிட்டது. இரவும் பகலும் பெரிய குவியல்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கடிகாரத்தில் காலை 8 மணி 59 நிமிடம். சுமத்ராவின் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. அன்று வந்த ஆழிப்பேரலையை நம்மில் யார் மறப்பார்? பினாங்கிலும் கெடாவிலும் கரையில் இருந்தவர்களை அடித்துப்போன அதே அலைதான். நம் நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தமான், நிக்கோபாரிலோ ஆயிரக்கணக்கில் மாண்டனர், காணாமற்போயினர். தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, மின்சாரம் நின்றது. தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே பேச வழியில்லை.

அந்த வேளையில் அங்கே அம்மையாரின் நிலையம் இருந்தது. விளையாட்டாகத் தொடங்கிய நிலையம் அன்றே அவசர நிலையமாக மாறியது. தீவில் சிக்கியவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தி அதன் வழியே கரைக்குப் போயிற்று. இன்னார் என்ன ஆனார் என்று கரையில் தவித்த குடும்பங்களின் கேள்வி அதன் வழியே தீவுக்கு வந்தது. குழுவைச் சேர்ந்த ஒருவர், மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட கார் நிக்கோபாருக்கே போய் அங்கிருந்தும் தொடர்பு கொடுத்தார்.

நேயர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முந்தின நாள் வரை அந்த நிலையத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பட்டியலில் ஓர் இடத்தைப் பிடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதே குரல், அதே கருவி. ஆனால் இப்போது அதில் போவது ஒரு தாய்க்குப் போகவேண்டிய செய்தி. பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் போகிறது. அதன் மேல் யாராவது ஒருவர், கேட்காமலே தம் குறியைக் கத்தினால் ஓர் எழுத்து அடிபடும். ஓர் எழுத்து அடிபட்டால் பெயர் மாறிப்போகும். அவசரச் செய்தி போகும்போது மற்றெல்லோரும் விலகி நிற்க வேண்டும் என்பது ஹேம்களின் விதி. ஆனால் விதியைப் புத்தகத்தில் படித்தால் போதாது. செய்தி மாறிவிட்டது என்பதை அறிய முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே! பேசுமுன் கேட்கிற பழக்கம் உள்ளவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பழக்கம் இல்லாதவருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் விளங்காது.

2006 ஏப்ரலில் பல நாட்டு ஹேம்கள் மறுபடி போர்ட் பிளேருக்கு வந்து வி.யு.4 குறியில் பேசினார்கள். சென்ற முறை விடுபட்டவர்களுக்கு அப்போது வாய்ப்புக் கிடைத்தது.

தோட்டங்களில் பல இப்போது ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. எனினும் பழைய ரேடியோவைத் திறந்து பார்த்து, கம்பி எங்கே போகிறது என்று கேட்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். அதை மட்டும் சொல்லி வையுங்கள். தேர்வைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துகிறது. அதுவரை கேட்டுப் பழகலாம். சாதாரணச் சிற்றலைப் பெட்டியில் ஹேம்களின் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் ஒலிக்கும். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள பெட்டி வேண்டும். அதில் 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பொழுது சாயும் நேரத்தில் மெல்லத் திருகிக்கொண்டே வரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். கேட்ட குறி, தேதி, நேரம் மூன்றையும் பிள்ளை தன் கையாலேயே எழுதி வைக்கட்டும்.