மண்ணின் முறையீடும் தூதரின் விலங்கும்



விழுந்துபோன தூதர்கள் என்றதும் பலர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். உலகம் உண்டாவதற்கு முன்பே வானத்தில் ஒரு கலகம். பேரழகன் ஒருவன் செருக்கோடு எழுகிறான். தன் கூட்டத்தோடு கீழே தள்ளப்படுகிறான். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து பிரசங்க மேடை வரை சொல்லிச் சொல்லிப் பழகிய கதை இது. ஆனால் இதை இந்த வரிசையில் சொல்லும் அதிகாரம் வேதாகமத்தில் எங்கும் இல்லை. ஏசாயா 14ஆம் அதிகாரத்தின் பாடல் பாபிலோன் ராஜாவைப் பற்றியது என்று அதன் 4ஆம் வசனமே சொல்கிறது. எசேக்கியேல் 28இல் உள்ள புலம்பல் தீருவின் ராஜாவுக்கு உரியது. இவ்விரண்டையும் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தவர்களில் முக்கியமானவர் 3ஆம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன். 1667இல் வெளியான மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ அந்த வாசிப்புக்கு மறக்க முடியாத உருவம் கொடுத்தது. வெளிப்படுத்தின விசேஷம் 12இல் வானத்துப் போர் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் ஓட்டத்தில் அது குழந்தை பிறந்து, சிங்காசனத்தண்டைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகே வருகிறது.

அப்படியானால் வேதம் இத்தூதர்களைப் பற்றிச் சொல்வதுதான் என்ன? மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் வீழ்ச்சியைவிடத் தீர்ப்பிலேயே நிலைகொண்டிருக்கிறது.

ஆதியாகமம் 6இன் முதல் நான்கு வசனங்களில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணக்கிறார்கள். இராட்சதர் பூமியில் இருந்தார்கள் என்கிறது அப்பகுதி. உடனே வெள்ளத்தின் கதை தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பிய நூல்தான் ஏனோக்கின் முதல் நூல். அதன் முழு வடிவம் எத்தியோப்பியத் திருச்சபையின் பழைய மொழியான கீயஸில் மட்டுமே தப்பியது. அத்திருச்சபைக்கு அது இன்றும் வேதநூல். ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் அதன் பிரதிகளை 1773இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வந்தது. இந்நூல் கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் எழுதிக்கொண்டதாக இருக்கலாம் என்ற ஐயம் அதன் பழம்பகுதிகளைப் பொறுத்தவரை சாக்கடலோரக் கும்ரானில் முடிவுக்கு வந்தது. அங்கே 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காம் குகையில் அதன் அரமேயச் சிதறல்கள் கிடைத்தன. ஆய்வாளர் மிலிக் 1976இல் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றுள் மிகப் பழையது கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டின் இறுதியை அல்லது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

அதன் முதல் 36 அதிகாரங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். இருநூறு தூதர்கள் எர்மோன் மலையுச்சியில் இறங்குகிறார்கள். தலைவன் ஷெமிகாசாவுக்கு ஓர் அச்சம்: செய்யப்போகும் பாவத்துக்குத் தான் மட்டும் தண்டனை அடைந்துவிடுவோமோ என்று. அதனால் அத்தனை பேரும் சேர்ந்து ஆணையிட்டுக்கொள்கிறார்கள். அசாயேல் என்பவன் வாளும் கேடயமும் மார்க்கவசமும் செய்ய மனிதருக்குக் கற்றுக்கொடுக்கிறான். வளையலும் கண்மையும் சாயமும் அவன் கற்றுக்கொடுத்தவையே. பிறக்கும் இராட்சதர்கள் முதலில் மனிதரின் உழைப்பைத் தின்கிறார்கள். அது போதாமல் போகும்போது மனிதரையே தின்கிறார்கள்.

அப்போது பேசுவது மண். அக்கிரமக்காரர்மேல் பூமியே குற்றம் சாட்டுகிறது. மடிகிற மனிதரின் கூக்குரல் வானத்தின் வாசல் வரை எட்டுகிறது. மிகாவேலும் காபிரியேலும் ரபாயேலும் அவர்களோடு நின்ற தூதரும் கீழே குனிந்து பார்த்து, சிந்திய இரத்தத்தைக் காண்கிறார்கள். அந்த முறையீட்டை உன்னதமானவரிடம் எடுத்துச் செல்கிறார்கள்; நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர், ஆனால் என்ன செய்வதென்று எங்களுக்குச் சொல்லவில்லையே என்ற பொருளில் துணிந்து கேட்கவும் செய்கிறார்கள். தீர்ப்பு அதற்குப் பிறகே பிறக்கிறது. அசாயேலின் கைகால்களைக் கட்டி, இருளில் போட்டு, மேலே கூர்மையான கற்களை அடுக்கும்படி ரபாயேலுக்குக் கட்டளை வருகிறது. அதே கட்டளையில் பூமியைக் குணமாக்கவும் அவருக்குச் சொல்லப்படுகிறது. தண்டனையும் மருத்துவமும் ஒரே தூதரின் கையில் கொடுக்கப்படும் இந்த இடத்தைத் தாண்டி அவசரமாகப் போய்விடக் கூடாது.

இந்தப் பின்னணியோடு புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் யூதாவின் நிருபம் வேறு முகம் காட்டும். மொத்தமே 25 வசனங்கள். ஆறாம் வசனத்தில், தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளாமல் விட்டுவந்த தூதர்கள் மகாநாளின் தீர்ப்புக்காக இருளில் விலங்கிடப்பட்டிருக்கிறார்கள். பதினான்காம் வசனத்தில் யூதா ஏனோக்கின் பெயரைச் சொல்லியே அவர் நூலின் தொடக்கத்திலிருந்து எடுத்துப் பேசுகிறார். யாரை எச்சரிக்க? ரோமப் பேரரசனையா, புறமதத்தாரையா? இல்லை. சபைக்குள் நுழைந்து, அன்பின் விருந்துகளில் கூச்சமின்றி உட்கார்ந்து, ஆதாயத்துக்காக முகஸ்துதி பேசியவர்களை. 2 பேதுரு 2ஆம் அதிகாரமும் இதே வழக்கைப் பொருளாசை பிடித்த போதகர்கள்மேல் தொடுக்கிறது. ஆனால் ஏனோக்கின் மேற்கோளை விட்டுவிட்டு, நோவாவும் லோத்தும் காப்பாற்றப்பட்டதைச் சேர்த்துக்கொள்கிறது. யூதாவைப் பார்த்தே 2 பேதுரு எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. தீர்ப்பின் பட்டியலுக்குள் மீட்பைக் கொண்டுவந்த அந்த மாற்றம் தனிக் கட்டுரைக்கு உரியது.

தீர்ப்பு தரப்பட்டது, ஆனால் இன்னும் நிறைவேறவில்லை என்ற இடைக்கால உணர்வும் இந்த நூல்கள் எங்கும் இழையோடுகிறது. ஏனோக்கில் ஷெமிகாசாவின் சிறை எழுபது தலைமுறைக்கு. மத்தேயு 8இல் பிசாசுகள் இயேசுவைப் பார்த்ததும் காலம் வருமுன்னே எங்களை வேதனைப்படுத்த வந்தீரா என்ற பொருளில் அலறுகின்றன. தங்களுக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பது அவற்றுக்குத் தெரியும். பழைய யூத நூலான யூபிலி நூலின் 10ஆம் அதிகாரத்தில் இராட்சதரிடமிருந்து வந்த தீய ஆவிகளில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பூமியில் விடப்படுகிறது. தீமை ஏன் இன்னும் நடமாடுகிறது என்ற கேள்விக்கு அந்நூல் கண்ட விடை அது.

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்வி: இத்தூதர்களுக்கு மன்னிப்பு உண்டா? அறிவுள்ள உயிர்கள் யாவும் முடிவில் கடவுளிடம் திரும்பும் என்ற நம்பிக்கையை ஓரிகன் முன்வைத்தார். பேய்களின் தண்டனைக்கு முடிவு உண்டு என்பதைப் பேரரசர் ஜஸ்டினியனின் 543ஆம் ஆண்டு ஆணை கண்டித்தது. தூதனின் தெரிவு ஒருமுறை நிலைத்தால் பிறகு அசையாது என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். இவ்வாதங்கள் எல்லாம் குற்றவாளியின் மனத்தையும் கடவுளின் இரக்கத்தையும் மட்டுமே எடைபோடுகின்றன. ஏனோக்கின் நூல் மூன்றாவது தரப்பை மறக்கவில்லை. அதில் சிறைப்படப்போகும் தூதர்கள் நடுங்கி, தங்களுக்காக ஒரு மனு எழுதித் தரும்படி ஏனோக்கைக் கெஞ்சுகிறார்கள். அவர் தாண் நீரோரம் உட்கார்ந்து மனுவை வாசித்தபடியே உறங்கிப்போகிறார். கனவில் வரும் பதில் மறுப்பு. மனிதருக்காக நீங்கள் பரிந்து பேசியிருக்க வேண்டும், உங்களுக்காக மனிதன் பேசுவதா என்பதே அதன் சாரம். மேலிடத்தில் வைக்கப்பட்டது எளியவருக்காகப் பேசத்தான். அதை விட்டு இறங்கி அவர்களையே இரையாக்கியதுதான் குற்றம். உண்ணப்பட்டவர்களின் குரலை ஒதுக்கிவிட்டு மன்னிப்பைப் பற்றி வாதிடுவது நியாயமாகாது என்பதே இந்தத் தலைமை உரையின் நிலைப்பாடு. இக்கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரைகள் அதை மறுத்தாலும் ஏற்றாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

அந்தக் குரல் எப்படி மறைந்தது? அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ 15ஆம் புத்தகத்தில் தேவகுமாரரைச் சேத்தின் வழிவந்த மனிதராகக் கொண்டார். மேற்கில் ஏனோக்கின் நூலும் மெல்ல வாசிப்பிலிருந்து விலகியது. வெள்ளத்தில் அது அழியாமல் நோவா வழியாக வந்திருக்க முடியும் என்று அகுஸ்தீனுக்கு முன்பே திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் வாதாடியிருந்தும் பயனில்லை. அந்நூலோடு மண்ணின் முறையீடும் பிரசங்கங்களிலிருந்து போய்விட்டது. சங்கிலியும் நெருப்பும் மட்டும் மிஞ்சின.

முதல் அமர்வு 1 கொரிந்தியர் 6:3ஐ எடுத்துக்கொள்கிறது. தூதர்களையும் நியாயந்தீர்ப்போம் என்று பவுல் அங்கே சொல்கிறார். அதைச் சொன்னது, சகோதரன்மேல் சகோதரன் வெளியாரின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த ஒரு சபையிடம். அடுத்த சில வசனங்களில், நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், அதுவும் உங்கள் சகோதரருக்கு என்று அவர்களைக் கண்டிக்கிறார். கட்டுரையாளர்கள் அந்த வழக்குகளிலிருந்தே தொடங்கட்டும்.